31 வயதில் டொன்சில் சத்திரசிகிச்சை: செய்துகொண்டவர்களின் அனுபவம் தேவை

கேள்வி: தலவாக்கலை ஆசிரியை

வணக்கம். தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். மழைக்காலம் வந்தால் தொண்டை கட்டிக்கொள்வது எனக்குச் சிறு வயது முதலே உள்ளதுதான் என்றாலும், கடந்த இரண்டு ஆண்டுகளில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய அளவைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டில் ஆறு தடவையும், இந்த ஆண்டில் இதுவரை ஐந்து தடவையும் டொன்சில் வீங்கிக் காய்ச்சலுடன் படுத்துவிட்டேன். எச்சில் விழுங்குவதே வேதனையாக இருந்தது. நான் வராத நாட்களில் என் வகுப்புப் பிள்ளைகளை அடுத்த வகுப்புடன் சேர்த்து உட்கார வைக்கிறார்கள் என்பது நோயைவிட அதிகமாக என்னை வருத்துகிறது.

கண்டியில் என்னைப் பார்த்த காது, மூக்கு, தொண்டை நிபுணர் டொன்சிலை எடுத்துவிடலாம் என்கிறார். வளர்ந்தவர்கள் அதை எடுத்தால் குரல் போய்விடும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் குறைந்துவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். குரலை நம்பியே பிழைப்பவள் என்பதால் அந்த அச்சம் எனக்கும் இருக்கிறது. எத்தனை நாள் வலிக்கும், எப்போது வேலைக்குத் திரும்பலாம், தோட்டத்து லயன் வீட்டில் இருந்தபடியே தேறிவிட முடியுமா என்பதை அனுபவப்பட்டவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஹட்டன் கடைக்காரர்

சகோதரி, எனக்கு 34 வயதில் அரச வைத்தியசாலை ஒன்றில் இந்தச் சத்திரசிகிச்சை நடந்தது; கட்டணம் எதுவும் இல்லை, ஆனால் திகதி கிடைக்கப் பல மாதங்கள் காத்திருந்தேன். சத்திரசிகிச்சையை நினைத்து நீங்கள் அஞ்ச வேண்டாம். முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள். வெளியே ஒரு தழும்பும் இராது. கண் விழித்தபோது தொண்டை கனத்திருந்ததே தவிர, நான் பயந்த அளவுக்கு எதுவும் இல்லை. அடுத்த நாள் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் ஆயத்தப்பட வேண்டியது அதற்குப் பின்வரும் இரண்டு வாரங்களுக்கு. இரண்டாம் நாள் நன்றாக இருக்கிறதே என்று எண்ணி நான் கடைக்குப் போனேன். நான்காம் நாள் எழுந்து உட்கார முடியவில்லை. வலி தொண்டையில் மட்டும் நிற்காமல் இரண்டு காதுகளுக்குள்ளும் ஏறியது. காதில் ஏதோ புண் வந்துவிட்டது என்று பதறினேன். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால் அப்படித் தோன்றுகிறது என்று பின்னர் வைத்தியர் விளக்கினார். எட்டாம் நாள் வரை அதே நிலைதான். பத்தாம் நாளுக்குப் பிறகே மெல்ல மெல்லத் தணிந்தது. டொன்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகப் படர்வதைக் கண்டு சீழ் என்று எண்ணிவிடாதீர்கள், அது புண் ஆறும்போது மூடும் பொருக்கு. அந்நாட்களில் வாய் துர்நாற்றமும் இருக்கும்.

நான் செய்த பெரிய தவறு, வலிக்குப் பயந்து சாப்பிடாமலும் தண்ணீர் குடிக்காமலும் கிடந்தது. தொண்டை காய்ந்தால் வலி இரட்டிப்பாகிறது. இரவில் வாயைத் திறந்தபடி உறங்கி, விடியற்காலைக் குளிரில் எழும்போது இருந்த வேதனையை இப்போது நினைத்தாலும் உடல் நடுங்குகிறது. மருந்தை வலி வந்த பின் தேடாமல், வைத்தியர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகே நான் தேறினேன். ஆறிய கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த சோறும் பருப்பும் இறங்கின. கட்டைச் சம்பல், எலுமிச்சை, சூடான தேத்தண்ணீர் ஆகியவற்றை இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். விறகடுப்பு எரியும் வீடாக இருந்தால், புகை படாத அறையில் படுப்பது மிக முக்கியம்.

அதற்குப் பின் மூன்று ஆண்டுகளாகச் சளி பிடித்திருக்கிறது, இருமல் வந்திருக்கிறது. ஆனால் அந்தக் காய்ச்சலோடு படுத்ததே இல்லை.

பதில் 2: நுவரெலியா தாதி

நான் சத்திரசிகிச்சை விடுதியில் பணிபுரிபவள். தங்கை, குரலைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். குரல் நாண்கள் டொன்சிலுக்குக் கீழே குரல்வளைக்குள் இருக்கின்றன. இச்சிகிச்சையில் அவற்றைத் தொடுவதில்லை. பெரிய டொன்சில்களை எடுத்தபின் குரலின் ஒலிப்பில் சிறு வேறுபாடு தெரியலாம், அது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனாலும் நீங்கள் ஆசிரியை என்பதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியைப் பொறுத்தவரை, டொன்சிலின் வேலை குழந்தைப் பருவத்தில்தான் அதிகம். அதே வேலையைச் செய்யும் திசுக்கள் நாக்கின் அடியிலும் தொண்டையிலும் நிறைய உள்ளன.

ஓராண்டில் ஏழு தடவை, அல்லது இரண்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு ஐந்து தடவை, அல்லது மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கு மூன்று தடவை என்பது வைத்தியர்கள் பொதுவாகப் பார்க்கும் அளவுகோல். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அதற்குள் வருகிறீர்கள். 2023 இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வெளியான பிரித்தானிய ஆய்வில், வளர்ந்தவர்கள் 453 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். உடனே சத்திரசிகிச்சைக்குத் தெரிவானவர்களுக்குத் தொண்டை வலித்த நாட்கள் இடைநிலை அளவாக 23, காத்திருந்தவர்களுக்கு 30. பயன் உண்டு என்பது இதனால் தெரிகிறது; ஆனால் அதே ஆய்வில் சிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, சிறிதாகவோ பெரிதாகவோ, இரத்தக் கசிவு ஏற்பட்டது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

மலையகத்தில் இருப்பவர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். பொருக்கு உதிரும் ஐந்தாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையிலான காலத்தில் இரத்தம் கசியும் வாய்ப்பு அதிகம், அப்போது நீங்கள் வைத்தியசாலையில் இல்லாமல் வீட்டில் இருப்பீர்கள். மூடுபனி இறங்கிய இரவில், தோட்டத்துக் கல் பாதையில் முச்சக்கரவண்டி தேடும் நிலை வரக்கூடாது. எச்சிலில் ஓரிரு சிவப்புக் கோடுகள் தெரிந்தால் குளிர்ந்த நீரைப் பருகி நிமிர்ந்து உட்காருங்கள். அது நிற்காவிட்டாலும், சிவந்த இரத்தம் வாய் நிறைய வந்தாலும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. அந்த இலக்கம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். அஸ்பிரின் போட வேண்டாம். வெற்றிலையும் புகைத்தலும் அறவே கூடாது.

பதில் 3: பண்டாரவளை

நான் எடுக்கவில்லை என்பதால் மறுபக்கத்தையும் எழுதுகிறேன். எனக்கு ஆண்டுக்கு நான்கு தடவை வந்துகொண்டிருந்தது. காய்ச்சல் விட்டதும் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடும் பழக்கம் எனக்கு இருந்ததைக் கண்டறிந்த வைத்தியர், பெனிசிலினைப் பத்து நாட்களும் முழுமையாக எடுக்கச் சொன்னார். ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி முழுவதும் அழியாவிட்டால் சிலருக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, மூட்டு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் வரை பாதிக்கும் என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அப்படி ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய பின் எனக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. ஆனால் உங்களுக்கு வருவது போல் வந்திருந்தால், நானும் எடுத்துக்கொள்ளவே முடிவு செய்திருப்பேன்.

தலவாக்கலை ஆசிரியை

மூவருக்கும் நன்றி. தாதி அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். குரலைப் பற்றிய பகுதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். ஏப்ரல் விடுமுறை தொடங்கும் வாரத்துக்குத் திகதி தர முடியுமா என்று கிளினிக்கில் கேட்கப் போகிறேன். முதல் பத்து நாட்கள் லயன் வீட்டுக்குத் திரும்பாமல் பேராதனையில் உள்ள சின்னம்மா வீட்டில் தங்குவதாகப் பேசி முடித்துவிட்டோம். அங்கிருந்து வைத்தியசாலைக்குச் சிறிது தூரந்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் விரைவில் ஆறும் என்று அம்மா சொல்கிறார். செய்யலாமா?

நுவரெலியா தாதி

தொண்டை வரை இழுத்துப் பலமாகக் கொப்பளிப்பது பொருக்கைக் கிளறிவிடும். முதல் இரண்டு வாரங்கள் அதைத் தவிர்த்துவிடுங்கள், தங்கை. பல் துலக்கி வாயை மெதுவாக அலசினால் போதும். அம்மா ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், இரவில் இரண்டு தடவை உங்களை எழுப்பித் தண்ணீர் குடிக்கத் தரச் சொல்லுங்கள்.