பி.எஸ்சி. கணிதம்: தமிழ்வழியா, ஆங்கிலவழியா? முதலாண்டை எப்படித் திட்டமிடுவது?

பல்லடம் மாணவி

வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். பஸ்ஸில் போய்வரக்கூடிய அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கணிதம் சேர முடிவு செய்திருக்கிறேன். கலந்தாய்வு அடுத்த வாரம் நடக்கிறது. தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இடம் கிடைக்கும் போலிருப்பதால், எதை எடுப்பது என்று அதற்குள் தீர்மானிக்க வேண்டும்.

ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏதாவது ஓர் அரசு வேலை கைவசம் இருக்கட்டும் என்பது வீட்டார் விருப்பம். இரண்டையும் விடக்கூடாது என்று ஜாம் தேர்வு (ஐஐடி எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு), குரூப் 4, வங்கித் தேர்வு, ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, பைத்தான் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கால அட்டவணை போட்டிருக்கிறேன். காலை நான்கு மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் நான்கு கூலித்தறிகள் ஓடுகின்றன; மாலையில் தார் (ஊடைநூல் சுற்றிய குச்சி) சுற்றவும், நூல் ஒடிந்தால் எடுத்துக் கட்டவும் எட்டு மணி வரை நான் உடன் நிற்க வேண்டியிருக்கும். இந்த அட்டவணை நடைமுறைக்கு வருமா? பயிற்றுமொழியைப் பற்றியும் பெரியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோபி

அம்மணி, அட்டவணையில் எல்லாம் இருக்கிறது. முதல் செமஸ்டர் பாடத்துக்குத்தான் இடத்தைக் காணோம். அதிலிருந்து தொடங்குவோம்.

பள்ளிக் கணிதத்தில் விடை கண்டுபிடித்தால் மதிப்பெண் வந்துவிடும். கல்லூரியில் விடையைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டு, அது ஏன் சரி என்று நிறுவச் சொல்வார்கள். பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகள் மெய்ப் பகுப்பாய்வில் (ரியல் அனாலிசிஸ்) தடுமாறுவதற்குக் காரணம் இதுதானே தவிர, அறிவுக் குறைவு அல்ல. ஆகவே வகுப்பில் ஒரு வரையறை நடத்தப்பட்ட அன்றே, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அதை ஒரு முறை எழுதிப் பார். பிறகு அதற்குப் பொருந்தும் எடுத்துக்காட்டு ஒன்றும், பொருந்தாதது ஒன்றும் நீயாகவே தேடு. மைனஸ் 1, பிளஸ் 1 என்று மாறி மாறி வரும் தொடர்வரிசை வரம்புக்கு உட்பட்டதுதான். ஆனாலும் அது எந்த எண்ணையும் நோக்கி ஒருங்குவதில்லை. மட்டு மதிப்புச் சார்பு பூச்சியத்தில் தொடர்ச்சியாக இருக்கிறது, ஆனால் அங்கே அதை வகையிட முடியாது. இவற்றைப் போன்று பத்து எடுத்துக்காட்டுகள் கைவசம் இருந்தால், தேற்றங்களில் எந்த நிபந்தனை எதற்காக வைக்கப்பட்டிருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

இதற்கு அன்றாடம் ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் அது தூக்கக் கலக்கம் இல்லாத நேரமாக இருக்க வேண்டும். நான்கு மணிக்கு எழுவதானால் ஒன்பதரைக்குப் படுத்துவிடு. வங்கித் தேர்வையும் பைத்தானையும் முதலாண்டில் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. பயிற்றுமொழியைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வருவாய்த் துறை ஊழியர், தாராபுரம்

தங்கைக்கு வணக்கம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்தின்படி, குறிப்பிட்ட பணிக்கு எந்தக் கல்வித் தகுதி கேட்கப்படுகிறதோ, அதுவரை முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புதான் அடிப்படைத் தகுதி என்பதால், நீங்கள் கல்லூரியில் எந்த வழியில் படித்தாலும் அந்த உரிமை உங்களிடமே இருக்கும். குரூப் 2 போன்ற, பட்டம் கேட்கும் பணிகளில்தான் சிக்கல். ஆங்கிலவழியில் பட்டம் வாங்கினால் அங்கே இந்த முன்னுரிமை போய்விடும். ஒருமுறை விட்டதைப் பிறகு பெற வழியில்லை என்பதால், வீட்டு நிலைமையைப் பார்க்கும்போது தமிழ்வழியை எடுப்பதே பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருகின்றன, 25 திறனறிவுக் கணக்குகள். இரண்டுமே உங்களுக்குக் கைவந்தவை. இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் தொடங்கினாலும் காலம் இருக்கிறது.

எம்.எஸ்சி. மாணவர், சொந்த ஊர் பெருந்துறை

அண்ணன் சொன்ன சட்ட விவரம் சரி, முடிவில்தான் மாறுபடுகிறேன். ஜாம் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். நேரியல் இயற்கணிதம், குலங்கள், மெய்ப் பகுப்பாய்வு, வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று கல்லூரியில் நடத்துவதுதான் அங்கேயும் வரும். ஆனால் கேள்விகள் நுணுக்கமானவை. மூன்று ஆண்டுகள் தமிழில் மட்டும் படித்துவிட்டுக் கடைசி ஆறு மாதத்தில் ஆங்கில நூல்களைப் புரட்டுவது கடினம். ஆகவே உயர்படிப்புதான் முதல் குறிக்கோள் என்றால் ஆங்கிலவழியை எடுங்கள், அல்லது தமிழ்வழியில் சேர்ந்துகொண்டு முதல் நாளிலிருந்தே ஆங்கில நூலையும் பக்கத்தில் வையுங்கள்.

அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் இரண்டு மொழிகளிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டிலும் அத்தியாயங்களும் பயிற்சிக் கணக்குகளும் ஒன்றேதான். ஏற்கெனவே தமிழில் போட்ட அணிகள், கலப்பு எண்கள் பாடக் கணக்குகளை, கல்லூரி திறப்பதற்குள் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்து ஆங்கிலத்திலேயே படிப்படியாக எழுதிப் பாருங்கள். கணக்கு தெரிந்ததுதான் என்பதால் கவனம் முழுவதும் மொழியில் நிற்கும். எனக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பைவிட இதுதான் பயன்பட்டது.

இரண்டாம் ஆண்டில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதக் கோடைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க மறவாதீர்கள். 1993 முதல் நடந்துவரும் அந்த முகாமில் ஆசிரியர்கள் விரிவுரை நிகழ்த்திவிட்டுப் போவதில்லை. மாணவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவர்களையே சிந்திக்க வைப்பார்கள். ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால்தான் பணம் கட்ட வேண்டும்.

பல்லடம் மாணவி

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வீட்டிலும் பேசினேன். தமிழ்வழியில் சேர்ந்து, பெருந்துறை அண்ணன் சொன்னபடி ஆங்கில நூலையும் சேர்த்துப் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். ஜாமுக்கா, அரசுத் தேர்வுக்கா என்பதை மூன்றாம் செமஸ்டர் முடிவு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். தறி வேலையை மட்டும் இப்போதைக்கு விட முடியாது. கல்லூரிப் பாடத்தை விடியற்காலையிலும், ஆங்கிலப் பதிப்பைப் பஸ்ஸிலும் வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கோபி

தாராளமாக வைத்துக்கொள், ஆனால் பஸ்ஸில் படிப்பதற்கு மட்டும்தான் முடியும். எழுதிப் பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிடு. தறி மும்முரத்தைக் காரணம் காட்டி வகுப்புக்குப் போகாமல் இருந்துவிடாதே; வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் செமஸ்டர் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும்.

இன்னொன்று, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். படித்த பள்ளிகள் அனைத்திலும் சான்று வாங்கி, ஆதாரை உன் பெயரில் உள்ள கணக்கோடு இணைத்து, சேர்க்கைக்குப் போகும்போதே கையில் எடுத்துச் செல்.