புதுப்பிப்பு: சைக்கிளுக்கு எந்த ஜட்டி?

வேளச்சேரியிலிருந்து கிண்டிக்குத் தினமும் சைக்கிளில் போய்வந்து தொடை இடுக்கு உரிந்து எரிகிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? காரணம் தையல்தான். பழைய காட்டன் ஜட்டியைத் திருப்பிப் பார்த்தால், கால் ஓரத்து எலாஸ்டிக்கும் மடித்த தையலும் புண் இருந்த இடத்திலேயே வருகின்றன. வியர்வையைக் குடித்த காட்டன் காயாமல் ஒட்டிக்கொண்டு தேய்க்கிறது வேறு.

இப்போது பாதித் தொடை வரை வரும் பாலியஸ்டர் ட்ரங்க், இழுபட ஸ்பான்டெக்ஸ் நூல் கொஞ்சம் கலந்தது, தட்டையான தையல். முதலில் ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிட்டேன், சுருண்டு மேலேறியது. மாற்றியதும் சரி.

உட்காரும் இடத்தில் பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் போடச் சொன்னவர்களுக்கு: அதற்குள் ஜட்டி போடக்கூடாது, ஆபீசில் நாள் முழுக்க அதோடு உட்காரவும் முடியாது. ஐந்தாறு கிலோமீட்டருக்கு எனக்கு வேண்டாம்.

அப்புறம், சீட்டை ஒரு விரல் அளவு இறக்கினேன். பெடல் மிதிக்கும்போது இடுப்பு ஆடுவதும் நின்றது.