அப்பாவின் கேசட் பாட்டுகளை அடுக்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. உசிலம்பட்டிப் பக்கம் ரேடியோ செட் கட்டுனவரு எங்கப்பா. அவரோட கேசட்டையெல்லாம் எம்பி3 ஆக்கிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் ஃபைல், எல்லாத்துக்கும் பேரு 'டிராக் 01'தான்!

பாட்டு ஃபைலுக்குப் பேரு, விவரமெல்லாம் போடுற மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். சினிமாப் பாட்டுன்னா சத்தத்தை வச்சே ஓரளவு கண்டுபிடிச்சிருது. அம்மன் கோயில் பொங்கல்ல பதிஞ்ச நையாண்டி மேளம், ஒப்பாரிக்கெல்லாம் அது எங்க போகும்? அதுகளோட விவரத்தை எம்பி3டேக்ங்கிற சாஃப்ட்வேர்ல கையாலதான் அடிக்கிறேன். பதிஞ்ச ஊர் முக்கியம். அதை ஆல்பம் பேர்ல போடவா, கமெண்ட்லயா?

இன்னொண்ணு, தமிழ்ல அடிச்ச பேரெல்லாம் வேன் பிளேயர்ல பெட்டிபெட்டியாத் தெரியுது. ஃபைலுக்குள்ள பாட்டு விவரம் இருக்கிற ஐடி3 டேக் இப்ப 2.4 வெர்ஷன்ல, யூடிஎஃப்-8ங்கிற எழுத்துக் குறியீட்டுல இருக்கு. அதை யூடிஎஃப்-16 குறியீடு வச்சு 2.3 வெர்ஷனுக்கு மாத்துனாச் சரியாகுமா? இல்ல பிளேயர்லயே தமிழ் எழுத்துரு இல்லையா? இங்கிலீசுல அடிக்கச் சொன்னா அப்பா ஒத்துக்க மாட்டாரு. தெரிஞ்ச அண்ணன்மாரு சொல்லுங்க.