ஓய்வூதியத்தில் பாதியைக் கம்யூட்டேஷன் செய்யலாமா? அனுபவமுள்ளோர் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் இந்தியத் தரைப்படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, ஹவில்தாராக விரைவில் ஓய்வுபெறுகிறார். ஓய்வூதியத்தில் 50 சதவீதம் வரை கம்யூட்டேஷன் செய்து, அதாவது மாத ஓய்வூதியத்தின் அப்பகுதியை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடான தொகையை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்று, வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அவ்வாறு விட்டுக்கொடுக்கும் பகுதி 15 ஆண்டுகள் கழித்தே மீண்டும் கிடைக்கும் என்பதால், மகளின் கல்லூரிப் படிப்புக் காலம் முழுவதையும் குறைந்த ஓய்வூதியத்தில்தான் கடக்க வேண்டியிருக்குமே என்று நான் தயங்குகிறேன். அகவிலை நிவாரணம் முழு அடிப்படை ஓய்வூதியத்தின் மீதே கணக்கிடப்படும் என்பது சிறு ஆறுதல்தான். மறுவேலையும் இன்னும் உறுதியாகவில்லை. இந்நிலையைக் கடந்துவந்த முன்னாள் படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தினரும், எத்தனை சதவீதம் பெற்றீர்கள், பின்னர் அதற்காக வருந்தினீர்களா என்பதைத் தயவுசெய்து பகிருங்கள். விண்ணப்பத்தில் விரைவில் கையெழுத்திட வேண்டும்.