மழை பிடிச்சதும் புழு எல்லாம் உறையை விட்டு ஏறி ஓடுது, என்ன தப்பு?

வலங்கைமான் வாழைக்கொல்லை:
அஞ்சு பேர் இருக்கிற வீடு. சமையல்கட்டு, குளியலறைத் தண்ணி கொல்லையில தேங்கி ஒரே கொசு. அந்தத் தண்ணியை மண்புழு விட்டு வடிகட்டிச் சுத்தம் பண்ணலாம்னு ஆவணியில மூணடி அகல சிமெண்ட் உறை, ஓரடி உயரத்துல நாலு வாங்கி இறக்கினேன். அடியில ஜல்லி ஓரடி, மேல மணல் அரையடி, அதுக்கு மேல நார்க்கழிவும் மக்கின சாணமும் ஒன்றரையடி. மண்புழு ரெண்டு கிலோ. ரெண்டு மாசம் அருமையா ஓடிச்சு. வெளிய வர்ற தண்ணியை அம்மாவே மோந்து பாத்துட்டு "நாத்தமே இல்லடா"ன்னாங்க. ஐப்பசி மழை மூணாம் நாள், புழு பூரா விளிம்புல நிக்குது, பாதி தரையில செத்துக் கிடக்கு. கோழிங்களுக்குக் கொண்டாட்டம்.

மன்னை மாட்டுக்காரி:
தம்பி, உறை தரைக்கு மேல எவ்வளவு, கீழ எவ்வளவு? வெளிக்குழாய் எங்க போய் விழுது? அதைச் சொல்லுங்க முதல்ல.

வலங்கைமான் வாழைக்கொல்லை:
ரெண்டு உறை தரைக்குள்ள அக்கா. வீட்டுச் சாக்கடை தாழ்வு, வேற வழியில்ல. குழாய் வாழைக்குழியில விடுது.

மன்னை மாட்டுக்காரி:
அங்கதான் இருக்கு. புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோல்தான் மூச்சு. மேல ஊத்துற தண்ணி வடிஞ்சு போனாத்தான் நடுவுல காத்து நிக்கும். நம்ம ஊரு களிமண்ணு, ஐப்பசியில தோண்டின குழியெல்லாம் குளம். வாழைக்குழி ரொம்பினா குழாய் வழியா தண்ணி திரும்பி உறைக்குள்ளதான் ஏறும். காத்து இல்லாம புழு வெளிய ஓடிருக்கு, பாவம்.

நான் வேற மாதிரி கொன்னேன். மாட்டுக்கொட்டகை கழுவுற தண்ணியை மூத்திரத்தோட அப்படியே திருப்பி விட்டேன், நாலே நாள். அம்மோனியா தாங்காதாம், அப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப மூத்திரத்தைத் தனியா பிடிச்சிட்டு, கழுவுற தண்ணியை மட்டும் ஒரு தொட்டியில நிறுத்தி, காலையில கொஞ்சம் சாயந்திரம் கொஞ்சமா விடுறேன். என் வீட்டுக்காரர் "மாட்டுக்கு மேல புழுவுக்குச் சீர் செய்யுறா"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கார்.

முழுசா தரைக்கு மேல எழுப்புங்க. சாக்கடைத் தண்ணியை ஒரு சின்னத் தொட்டியில சேத்து அரை எச்.பி. மோட்டார்ல ஏத்திக்கலாம். மேல கீத்துப் போடுங்க, மழைக்கும் ஆச்சு சித்திரை வெயிலுக்கும் ஆச்சு. கக்கூஸ் கழுவுற ஆசிட், பிளீச்சிங் பவுடர் அந்தப் பக்கமே வரக்கூடாது.

திருவையாறு பிளம்பர்:
வாஷிங் மெஷின் தண்ணி ஒரே மூச்சுல கொட்டும், அதுவும் மூழ்கடிக்கும். ஓட்டை போட்ட பைப்பால பரவலா விடுங்க. எண்ணெய்ப் பிசுக்குக்கு முன்னாடி ஒரு தடுப்பு வேணும், இல்லன்னா நார் அடைச்சிக்கும்.

குத்தாலம் சந்தேகி:
இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பா? வர்ற தண்ணியைக் குடிக்கலாமா?

மன்னை மாட்டுக்காரி:
குடிக்கக் கூடாது சாமி! கிருமி குறையும், ஒழியாது. தென்னைக்கு, வாழைக்கு விடுங்க. பச்சையா தின்கிற எதுக்கும் வேணாம். சிலி நாட்டுல ஹோசே தோஹான்னு ஒரு பேராசிரியர் 1990-கள்ல இந்த முறையை ஊர்க் கழிவுநீருக்கே கொண்டுவந்தார்.

வலங்கைமான் வாழைக்கொல்லை:
தை பிறக்கட்டும், எழுப்பிக் கட்டுறேன். மிச்சம் ஒரு கை புழு இருக்கு அக்கா, அதுவரைக்கும் எங்க வைக்க?

மன்னை மாட்டுக்காரி:
பழைய பக்கெட்டுல மக்கின சாணம், மேல ஈரச்சாக்கு, திண்ணையில வைங்க. அடியில ஓட்டை போடுங்க தம்பி, மறுபடியும் மறந்துடாதீங்க.