மறு: பனிப்பலகையில் கால் வைக்கும் கோணம்: ‘சுவட்டுக்கோணம்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பனிப்பலகை (ஸ்னோபோர்டு) என்பது இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கிப் போகும் விளையாட்டுப் பலகை. கனடாவில் இருக்கும் தங்கச்சி மொழிபெயர்த்துவரும் பனிப்பலகைக் கையேட்டில், அதன்மேல் கால்களை வைக்கும் கோணமான ‘ஸ்டான்ஸ் ஆங்கிள்’ என்பதற்கு நம் குழுவில் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன: நிலைப்பாட்டுக் கோணம், நிற்புக்கோணம், பாதக்கோணம். முதலாவது வேண்டவே வேண்டாம். நிலைப்பாடு என்றதும் கட்சிக்காரர் அறிக்கைதான் நினைவுக்கு வரும். நிற்புக்கோணம் வாயில் நிற்கவில்லை. பாதக்கோணம் நல்ல சொல்தான், ஆனால் அது ஒரு காலோடு நின்றுவிடுகிறது. இரண்டு காலும் சேர்ந்து இடுப்பையும் தோளையும் எந்தப் பக்கம் திருப்புகின்றன என்பதல்லவா இங்கே விஷயமே!

என் பரிந்துரை ‘சுவட்டுக்கோணம்’. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலை, திருவட்டாறு பக்கம் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அது பயிலும் களமான களரியில் சுவடு என்பது மண்ணில் பதிந்த அடையாளம் மட்டுமல்ல. கால்களை எங்கே வைக்கிறோம், எந்தத் திசைக்குத் திருப்புகிறோம், எவ்வளவு தாழ்ந்து நிற்கிறோம் என்பதெல்லாம் அதில் அடங்கும். ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு என்று ஆசான்மார் பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். வழக்கில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை ஏன் செய்ய வேண்டும்?

சுவடு என்றால் பலகை பனியில் விட்டுப்போகும் கோடு என்று படிப்பவர் நினைக்க மாட்டாரா என்று அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்தக் கோட்டுக்குத் ‘தடம்’ என்று கையேடு முழுக்க ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அடுத்தது கூட்டல், கழித்தல் சிக்கல். பலகைக்கு நேர் குறுக்காகக் கால் வைத்தால் அது 0 பாகை. முன்னோக்கித் திருப்பினால் கூட்டல், பின்னோக்கித் திருப்பினால் கழித்தல். பள்ளிக்கூடக் கணக்கில் வரும் மிகை, குறை இங்கே சரிப்படாது. ‘மிகை 15’ என்றால் அளவுக்கு மீறிய 15 என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நம் கடற்கரையில் வள்ளத்தின் முன்புறம் அணியம், பின்புறம் அமரம். பலகைக்கும் மூக்கும் (முன்முனை) வாலும் (பின்முனை) உண்டு. ஆகவே ‘அணியம் 15, அமரம் 6’ என்று எழுதிவிடலாம். முன்கால் மூக்குப்பக்கம் 15 பாகை, பின்கால் வால்பக்கம் 6 பாகை என்று உடனே புரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஏறக்குறைய இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பி நிற்பதை ஆங்கிலத்தில் வாத்தின் பெயரால் சொல்கிறார்கள். ‘வாத்துநிலை’ வேண்டாம், ‘விரிசுவடு’ போதும். அணியம் 15, அமரம் 15 என்று இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் ‘ஒத்த விரிசுவடு’. குதித்துச் சுழன்று வால் முன்னே வர இறங்குகிறவர்களுக்கு இதுதான் வசதி, எந்தப் பக்கம் போனாலும் நிற்பு மாறாது. இரண்டு பாதமும் மூக்கைப் பார்த்தால் ‘ஒருமுகச் சுவடு’. முன்கால் 21 முதல் 30 வரை, பின்கால் 6 முதல் 15 வரை என்று வைத்து, பலகையின் விளிம்பைப் பனியில் அழுத்திச் சீவிக்கொண்டு போகிறவர்கள் இதை விரும்புகிறார்கள். கெட்டிக் காலணி போட்டுப் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் 50, 60 பாகைக்கும் மேலே போவார்கள். அவர்களுடைய பலகை ஒடுக்கமானது. பாதத்தைக் குறுக்கே வைத்தால் காலணி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு பனியில் உரசிவிடும்.

கையேட்டில் ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லித் தங்கச்சியைக் கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சுவடானாலும் தாழ்ந்து நிற்கும்போது முழங்காலும் கால்விரலும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். களரியில் ஆசான் முதலில் திருத்துவதும் இதைத்தான். பின்காலை அமரப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உடம்பை மட்டும் முன்னால் முறுக்கினால், அந்த முறுக்கு முழுவதும் பின்கால் முட்டில் போய் உட்காரும். எண்களைவிட இது முக்கியம்.

காலணியைப் பலகையோடு இறுக்கிப் பிடிக்கும் ‘பைண்டிங்’ என்பதற்குப் பிணைப்பி, கட்டு இரண்டையும்விடக் ‘கால்பூட்டு’ பொருந்துகிறது. காலுக்கொன்றாகக் கட்டிக்கொள்ளும் பனிச்சறுக்குக் கட்டையில் (ஸ்கீ) விழுந்தால் காலணி தானாகக் கழன்றுவிடும், பனிப்பலகையில் கழலாது. நாமே வாரை அவிழ்த்தால்தான் உண்டு. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், அந்தப் பூட்டுதான் இது. அதன் நடுவில் இருக்கும் வட்டமான தகட்டுக்கு ‘வட்டு’. வட்டின் ஓரத்தில் பற்கள் இருக்கும், பெரும்பாலும் ஒரு பல்லுக்கு 3 பாகை. திருகுகளைத் தளர்த்திப் பூட்டைக் கொஞ்சம் தூக்கி, பல் தப்பியதும் திருப்பி, மறுபடி பல்லில் உட்காரவைத்து முறுக்க வேண்டும். அதனால்தான் 12, 15, 18 என்று எண்கள் மூன்று மூன்றாக ஏறுகின்றன. தங்கச்சி வரைவில் ‘14 பாகை’ என்று ஓரிடத்தில் இருக்கிறது, அதை 15 ஆக்கிவிடலாம்.

இடங்கால் முன்னே வைப்பவர், வலங்கால் முன்னே வைப்பவர் என்ற பிரிவுக்கு இடச்சுவடு, வலச்சுவடு என்று எழுதிப் பார்த்தேன். இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. சிலம்பம் ஆடுகிறவர்கள் யாராவது குழுவில் இருந்தால், உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அது வந்தபிறகு சொற்பட்டியலை முடிவு செய்யலாம்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து