வெயில் தாழ்ந்த பிறகுதான் வலென்சியா

ஸ்பெயின் என்றாலே பார்சிலோனா என்கிறார்கள். எட்டு வயது மகனையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு ஜூலையில் நாங்கள் போனது வலென்சியாவுக்கு. ஊரிலிருந்து கடற்கரைக்கு டிராமிலேயே போய்விடலாம். சமதரை என்பதால் தள்ளுவண்டிக்கும் தொல்லையில்லை. ஆனால் ஒன்று, அந்த ஊர் கடிகாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் அழவேண்டியதுதான்.

வலென்சியா கிட்டத்தட்ட கிரீன்விச் தீர்க்கரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கணக்குப்படி லண்டன் நேரம்தான் அதற்குப் பொருந்தும். ஆனால் 1940 முதல் ஸ்பெயினில் ஓடுவது அதைவிட ஒரு மணி நேரம் முந்திய பெர்லின் நேரம். கோடையில் அதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிவிடுகிறார்கள். அதனால் ஜூலையில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் 2 மணி தாண்டித்தான்; அடைவது இரவு ஒன்பதரைக்கு. ஊர்க்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு 2 மணிக்கு உட்கார்கிறார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு 9 மணிக்கு. நம் பிள்ளைகள் ஏழு மணிக்கே சோறு கேட்பார்கள், அப்போது பாதி உணவகங்களில் அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டார்கள்.

போய்ச் சேர்ந்த மாலை இதுதான் நடந்தது. ஒரு சின்ன உணவகத்தில் மேஜை துடைத்துக்கொண்டிருந்த பெரியவர், ‘எட்டரைக்குத்தான்’ என்று கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். மகளின் முகம் போன போக்கைப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் உருளைக்கிழங்கு ஆம்லெட் ஒரு துண்டும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். காசு கொடுத்தால் கையைத் தள்ளிவிட்டார். எட்டரைக்கு அங்கேயே போய் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டோம், வேறென்ன செய்வது.

அப்புறம் நாங்களும் மாறிக்கொண்டோம். காலையில் சுற்றல், மதியம் அறைக்குள் தூக்கம், ஆறு மணிக்கு மேல் மறுபடி தெரு. இரவு பத்தரைக்கு சதுக்கத்தில் பந்து விளையாடும் பிள்ளைகளைப் பார்த்து முதலில் எனக்குத் திக்கென்றது. பக்கத்து பெஞ்சில் அவர்களின் தாத்தா பாட்டிகள் நிம்மதியாகக் கதைபேசிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு நாளில் என் மகனும் அந்தக் கூட்டத்தில் கோல்கீப்பர்.

காலை நேரத்துக்கு மத்தியச் சந்தை நல்ல இடம். 1928-இல் திறந்த பெரிய இரும்புக் கண்ணாடி மண்டபம், உள்ளே நிழலும் குளிர்ச்சியும். மதியம் 3 மணியோடு மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. பழக்கடை அம்மா ஒருத்தி மகளைக் கன்னத்தில் கிள்ளி, செர்ரி ஜோடி ஒன்றைக் காதில் தொங்கட்டானாக மாட்டிவிட்டாள். அதைக் கழற்றித் தின்னவைக்க நான் பட்ட பாடு!

வியாழக்கிழமை ஊரில் இருந்தால் பகல் 12 மணிக்குத் தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்குப் போங்கள். தண்ணீர் நீதிமன்றம் கூடும். எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த ஆட்கள் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்கார்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கால் பேரையும் சொல்லி வழக்கு உண்டா என்று கூவுகிறார் சேவகர். எல்லாம் வாய்மொழிதான், காகிதம் கிடையாது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முறைத் தண்ணீர்ச் சண்டையைப் பார்க்கலாம் என்று நான் ஆசையாகப் போனேன். எட்டு வாய்க்காலுக்கும் வழக்கே இல்லை, சில நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். ‘அவ்வளவுதானாம்மா?’ என்றான் மகன். பக்கத்தில் நின்ற தொப்பிக்காரத் தாத்தாவுக்கு அவன் முகத்திலிருந்தே விஷயம் புரிந்துவிட்டது, விழுந்து விழுந்து சிரித்தார்.

பிள்ளைகளுக்கென்றால் துரியா பூங்காதான். 1957 அக்டோபரில் துரியா ஆறு பெருகி ஊரை மூழ்கடித்த பிறகு, ஆற்றையே ஊருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். காய்ந்த படுகையில் நெடுஞ்சாலை போடும் திட்டத்தை மக்கள் எதிர்த்து நின்றதால், இன்று அங்கே ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்கு மரமும் நிழலும். அதற்குள் 70 மீட்டர் நீளத்தில், குள்ளர்கள் கட்டிப்போட்ட கதையில் வரும் கலிவர் கட்டுண்டு மல்லாந்து கிடக்கிறார். முடி, விரல், சட்டை மடிப்பு எல்லாமே சறுக்குமரமும் ஏணியும்தான். கட்டணம் கிடையாது. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், சறுக்கு சுடும்.

அங்கே ஊஞ்சலில் பேரனை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியோடு கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துப் பேசினேன். அவர் வீடு புதிய ஆற்றுக்குத் தெற்கே. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கையைத் தன் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார். திருப்பிவிட்ட ஆறு நகரத்தைக் காத்தது, தெற்குப் புறநகர்கள்தான் அகப்பட்டுக்கொண்டன. மாகாணத்தில் இருநூறுக்கும் மேல் உயிர்ச்சேதம். அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கலை அறிவியல் நகரம் என்று வெள்ளை வெளேர் கட்டடங்கள் இருக்கின்றன. படத்துக்கு அழகு, பகலில் வெள்ளை ஓடு கண்ணைக் குத்தும், சுற்றியுள்ள நீரில் இறங்கவும் விடமாட்டார்கள். இருட்டிய பிறகு ஒரு நடை போதும் என்பது என் கட்சி.

சாப்பாட்டு விஷயத்தில் கவலை வேண்டாம், அரிசி ஊர். பாயெயா என்ற அரிசிச் சாப்பாட்டை அங்கே மதியம்தான் சாப்பிடுகிறார்கள். அசல் வலென்சியா பாயெயாவில் கோழியும் முயலும் பீன்ஸும்தான், மீன் கிடையாது. சைவர்கள் காய்கறி பாயெயா கேட்கும்போது எந்த ரசத்தில் வேகவைத்தது என்றும் கேட்டுவிடுங்கள். அகலத் தட்டின் அடியில் பிடித்த காந்தலைத்தான் ஊர்க்காரர்கள் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள். பரிமாறிய பையன் அதைக் கரண்டியால் சுரண்டி என் பிள்ளைகள் ரெண்டு பேருக்கும் சரிபாதியாகப் பங்குவைத்தான். அவனுக்கும் தம்பி தங்கை இருக்கவேண்டும்.

மல்வரோசா கடற்கரைக்கும் ஆறு மணிக்கு மேல்தான். மணல் அகலம், நண்பகலில் கால் வைக்க முடியாது. மாலையில் குடும்பம் குடும்பமாக மடக்கு மேஜை, தர்பூசணியோடு வந்து இறங்குகிறார்கள். தண்ணீர் வெதுவெதுப்பு, கரையோரம் ஆழமும் குறைவு. ஆனால் மஞ்சள் கொடி பறந்தால் கையை விடாதீர்கள், சிவப்பு என்றால் இறங்கவே வேண்டாம். பக்கத்துக் குடும்பத்துப் பாட்டி கேட்காமலே தர்பூசணியை அரிந்து நீட்டினார், நான் முறுக்கு நீட்டினேன். அவர் பேரன் முழுப் பையையும் காலி பண்ணினான்.

அந்தப் பக்கம் போனால் ஓர்ச்சாத்தா குடித்துப் பாருங்கள். கோரை இனத்துச் சின்னக் கிழங்கை அரைத்துப் பிழிந்த, பால் சேராத குளிர்பானம். நீள ரொட்டியைத் தோய்த்துத் தின்கிறார்கள். மகனுக்குப் பிடித்தது, மகள் துப்பிவிட்டாள்.

கடைசியாக, அல்புஃபேரா ஏரி. தெற்கே எல் பால்மார் கிராமத்துக்குப் பஸ் போகிறது, கோடையில் சுற்றிலும் பச்சை வயல். படகுக்காரர் மகளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கோலைப் பிடிக்கவிட்டார். சூரியன் மறையும் நேரப் படகுக்குக் கூட்டம் அதிகம், முன்னதாகவே கேட்டுவையுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், கொசு மருந்தும் பையில் இருக்கட்டும்.